நடுவில் நிற்கும் பஞ்சு

திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் நெடுஞ்சாலையில் வேடசந்தூரை நெருங்க நெருங்க இருபக்கமும் நூற்பாலைகள் வரத் தொடங்கும். முன்வாசலில் குஜராத்திலிருந்தோ மகாராஷ்டிரத்திலிருந்தோ வந்த லாரியிலிருந்து பஞ்சுப் பேல்கள் இறங்கும். ஒரு பேல் 170 கிலோ. பின்வாசலில் நூல் பெட்டிகள் லாரி ஏறும். பல ஆலைகளில் ஒரு பெட்டிக்கு 24 கோன், ஒரு கோன் 1.89 கிலோ, மொத்தம் 45.36 கிலோ. பார்த்தால் விசித்திரமான எண்ணாகத் தெரியும். பவுண்டில் மாற்றினால் சரியாக 100 பவுண்டு.

உள்ளே போனது எவ்வளவு என்று தெரியும். வெளியே வந்தது எவ்வளவு என்றும் தெரியும். இரண்டுக்கும் எடைமேடை சாட்சி. ஆனால் இந்த நிமிடம், உள்ளே போய் இன்னும் வெளியே வராத பஞ்சு எங்கே, எந்த உருவில், எந்த எந்திரத்துக்கு முன்னால் நிற்கிறது? ஒரே ஆலையில் மூன்று பேரைத் தனித்தனியே கேட்டால் மூன்று விடை கிடைக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. மூவரும் வேறு வேறு நேரத்தில், வேறு வேறு அலகில் எண்ணியிருப்பார்கள்.

தொழிற்சாலை மென்பொருள் எழுதுகிறவர்களை உலகம் முழுக்க அலைக்கழிக்கும் கேள்வி இது. ஒரு வேலை முடிவதற்குள் அடுத்த வேலை தொடங்கிவிடும் இடங்களில், எந்த நிலையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று கணக்கு வைப்பது எப்படி? அதைப் புரிந்துகொள்ள நூற்பாலையைவிட நல்ல இடம் அமையாது.

ஒரு மீட்டர் 330 மீட்டராகும் வழி

பேலைப் பிரித்து, பல ஊர்ப் பஞ்சையும் கலந்து அடுக்குவது மிக்சிங். அங்கிருந்து புளோ ரூம். பஞ்சை அடித்து, உதறி, தூசியையும் விதைத் துணுக்கையும் அது நீக்குகிறது. அடுத்தது கார்டிங். நுண்ணிய கம்பிப் பற்கள் பஞ்சை இழை இழையாகச் சீவி, மெத்தென்ற கயிறுபோல வெளியே விடும். அதுதான் ஸ்லைவர். இடுப்புயரத்துக்கும் மேலான கேன்களில் அது வளையம் வளையமாகச் சுருண்டு இறங்குவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

டிராயிங் எந்திரம் பெரும்பாலும் எட்டு ஸ்லைவரைச் சேர்த்து இழுத்து மறுபடி ஒரே ஸ்லைவராக்கும். ஒன்றில் இருக்கும் மேடு இன்னொன்றில் இருக்கும் பள்ளத்தை நிரப்பிவிடும் என்பதே இந்தச் சேர்க்கையின் பயன். சிம்ப்ளக்ஸ் அதை மேலும் மெலிதாக்கி, அறுந்துவிடாத அளவுக்கு மட்டும் முறுக்கி, பாபினில் சுற்றும். இதற்குப் பெயர் ரோவிங். ரிங் பிரேமில்தான் அது நூலாகிறது. அங்கே நிறைவது ஐம்பது கிராம் அளவிலான சின்னஞ்சிறு காப்ஸ். கடைசியாக ஆட்டோகோனர் பல காப்ஸ்களை இணைத்து ஒரு கோனாகச் சுற்றித் தரும்.

இந்தப் பாதையில் பஞ்சு எவ்வளவு மெலிகிறது என்று கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். மீட்டருக்கு 4.9 கிராம் எடையுள்ள ஸ்லைவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருப்பூர் பனியனுக்குப் போகும் 40ஆம் நம்பர் நூல் மீட்டருக்கு 0.0148 கிராம்தான். அப்படியானால் ஒரு மீட்டர் ஸ்லைவர் ஏறத்தாழ 330 மீட்டர் நூலாகிறது. 1.89 கிலோ கோன் ஒன்றில் 128 கிலோமீட்டர் நூல் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பும் தூரம். அந்த ஒரு கோனுக்குள் முப்பத்தெட்டு காப்ஸ் அடக்கம்.

வேகமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு கார்டிங் எந்திரம் மணிக்கு 45 கிலோ ஸ்லைவர் தருவதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 18,000 சுற்று சுழலும் ரிங் பிரேம் ஸ்பிண்டில் ஒன்று, 40ஆம் நம்பர் நூலில், எட்டு மணி நேர ஷிப்டு முழுக்க ஓடினாலும் தருவது ஏறத்தாழ 120 கிராம். ஒரே ஒரு கார்டிங் எந்திரத்துக்கு ஈடுகொடுக்க மூவாயிரம் ஸ்பிண்டில் வேண்டும். இப்படி வேகம் மாறும் ஒவ்வொரு இணைப்பிலும் சரக்கு தேங்கி நிற்க இடம் வேண்டியிருக்கிறது. கேன்களின் வரிசையும் பாபின் தள்ளுவண்டிகளும் இருப்பது அதற்காகத்தான்.

காத்திருக்காத ஆலை

கல்யாணப் பந்தியில் எல்லா இலைக்கும் சோறு வைத்து முடித்த பிறகுதான் சாம்பார் வாளி கிளம்பும் என்று யாரும் இருப்பதில்லை. சோறு நாலு இலை தாண்டியதும் சாம்பார் புறப்படும், அதன் பின்னாலேயே ரசம். நூற்பாலையும் அப்படித்தான் ஓடுகிறது. 10,000 கிலோ மிக்சிங் முழுவதும் கார்டிங்கைக் கடந்த பிறகே டிராயிங் தொடங்கவேண்டும் என்றால் ஆலை திவாலாகிவிடும். முதல் சில கேன்கள் நிறைந்ததுமே அவை அடுத்த எந்திரத்துக்கு உருண்டு போகின்றன.

இதனால் மிச்சமாகும் நேரத்தை ஒரு சுலபமான கணக்கில் பார்க்கலாம். ஐந்து நிலைகள், ஒவ்வொன்றும் மணிக்கு 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 10,000 கிலோவையும் மொத்தமாக ஒவ்வொரு நிலையிலும் முடித்து நகர்த்தினால் ஒரு நிலைக்கு 20 மணி நேரம், ஐந்துக்கும் 100 மணி நேரம். அதையே 500 கிலோ 500 கிலோவாகப் பிரித்து உடனுக்குடன் அனுப்பினால் முதல் நிலைக்கு 20 மணி நேரமும், கடைசிப் பங்கு மற்ற நான்கு நிலைகளைக் கடக்க ஒவ்வொரு மணி நேரமும் ஆகும். மொத்தம் 24 மணி நேரம். எந்த எந்திரமும் முன்பைவிட வேகமாக ஓடவில்லை. ஆனாலும் நான்கு நாள் வேலை ஒரு நாளில் முடிந்திருக்கிறது.

முடங்கும் பணத்திலும் இதே வேறுபாடு இருக்கிறது. 1961இல் அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் ஓர் உறவைக் கணிதமுறையில் நிறுவினார்: ஓர் அமைப்புக்குள் சராசரியாக நிற்கும் சரக்கின் அளவு, அதற்குள் சரக்கு நுழையும் வேகத்தை ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் சராசரி நேரத்தால் பெருக்கியதற்குச் சமம். லாட்டுகள், அதாவது ஒரே கலவையாக ஓடும் பஞ்சுத் தொகுதிகள், இடைவெளியின்றி வந்துகொண்டிருக்கும் நம் ஆலையில், மொத்தமாக நகர்த்தும் முறையில் ஒவ்வொரு கிலோவும் 100 மணி நேரம் உள்ளே தங்குகிறது. மணிக்கு 500 கிலோ வீதம் 50,000 கிலோ உள்ளே நிற்கும். சிறு பங்குகளாக அனுப்பினால் ஒரு பங்கு ஐந்து மணி நேரத்தில் வெளியேறிவிடும், உள்ளே நிற்பது 2,500 கிலோதான். பஞ்சு கிலோ 160 ரூபாய் என்று வைத்தால் 80 லட்சத்துக்கும் 4 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம். நிஜ ஆலையில் எந்திரங்கள் நிற்கும், இழை அறும், கரண்டு போகும். ஆகவே இவ்வளவு சுத்தமான எண்கள் கிடைக்காது. திசை மாறாது.

ஒரு லாட்டின் மொத்த அளவு வேறு, ஒரு நேரத்தில் அடுத்த நிலைக்கு நகர்த்தும் அளவு வேறு; இரண்டும் சமமாக இருக்கவேண்டியதில்லை. மேலாண்மைச் சிந்தனையாளர் எலியாஹு கோல்ட்ராட் இதை அழுத்திச் சொன்னார். 1984இல் ஒரு தொழிற்சாலை மேலாளரின் கதையாக அவர் எழுதிய 'தி கோல்' இந்த எண்ணத்தை ஆலை மேலாளர்களிடையே பரப்பியது.

பிரச்சினை இங்கிருந்துதான் தொடங்குகிறது. தொழிற்சாலைக் கணினிக் கணக்கின் அடிப்படைகளை ஜோசப் ஆர்லிக்கி 1975இல் நூலாக்கியபோது, எது எப்போது எவ்வளவு தேவை என்ற திட்டமிடலே அதன் மையமாக இருந்தது. அந்தப் பார்வையில் ஓர் உற்பத்தி ஆணைக்கு இத்தனை நாள் பிடிக்கும். தொடக்கத்தில் மூலப்பொருள் போகும், முடிவில் பொருள் வரும். நடுவில் நடப்பதை விரிவாகப் பார்க்கவேண்டிய அவசியம் அந்தக் கணக்குக்கு இல்லை. ஒரு லாட் ஒரே நேரத்தில் ஐந்து நிலைகளிலும் பரவிக் கிடக்கும்போது அந்தப் பார்வை போதாமல் போகிறது.

3,700 என்ற எண் மறைப்பது

10,000 கிலோ லாட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. கணினித் திரை "முடிந்தது 3,700 கிலோ" என்று காட்டுகிறது. இதை வைத்து என்ன முடிவெடுக்க முடியும்? ஒவ்வொரு நிலைக்கும் தனிப்பக்கம் போட்டு அதே நேரத்தில் எழுதிப் பார்ப்போம்.

புளோ ரூமும் கார்டிங்கும் வாங்கியது 6,000 கிலோ. நல்லதாகக் கொடுத்தது 5,520. கழிவு 420. மீதி 60 கிலோ எந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது.

டிராயிங் வாங்கியது 5,400. கொடுத்தது 5,340, கழிவு 20, உள்ளே 40.

சிம்ப்ளக்ஸ் வாங்கியது 4,700. கொடுத்தது 4,500, கழிவு 30, உள்ளே 170.

ரிங் பிரேம் வாங்கியது 4,300. கொடுத்தது 3,900, கழிவு 80, உள்ளே 320.

ஆட்டோகோனர் வாங்கியது 3,850. கொடுத்தது 3,700, கழிவு 30, உள்ளே 120.

இப்போது ஒவ்வொரு நிலையும் கொடுத்ததிலிருந்து அடுத்த நிலை வாங்கியதைக் கழித்தால், நடுவில் நிற்பது தானாக வெளியே வருகிறது. கார்டிங்குக்கும் டிராயிங்குக்கும் இடையில் 120 கிலோ. டிராயிங்குக்கும் சிம்ப்ளக்ஸுக்கும் இடையில் 640. சிம்ப்ளக்ஸுக்கும் ரிங் பிரேமுக்கும் இடையில் 200. ரிங் பிரேமுக்கும் ஆட்டோகோனருக்கும் இடையில் 50. கோன் 3,700, கழிவு 580, எந்திரங்களுக்குள் 710, இடைவெளிகளில் 1,010. கூட்டினால் 6,000. உள்ளே போன ஒவ்வொரு கிலோவுக்கும் முகவரி கிடைத்துவிட்டது.

3,700 என்ற ஒற்றை எண்ணுக்குப் பின்னால் 1,720 கிலோ பஞ்சு மறைந்திருந்தது. சிம்ப்ளக்ஸுக்கு முன்னால் 640 கிலோ குவிந்திருப்பதையும் அது மறைத்திருந்தது. ரிங் பிரேமைத் துரிதப்படுத்தச் சொல்லி மேலாளர் சத்தம் போட்டிருப்பார். பார்க்கவேண்டிய இடம் சிம்ப்ளக்ஸ்.

இந்த முறையின் உயிர், இருப்பை யாரும் தட்டச்சு செய்யக்கூடாது என்பதில் இருக்கிறது. வாங்கியது, கொடுத்தது, கழிவு ஆகிய மூன்று நிகழ்வுகளை மட்டும் மனிதர்களோ எந்திரங்களோ பதிவு செய்யவேண்டும். இருப்பு எப்போதும் கழித்து வருவதாகவே இருக்கவேண்டும். "டிராயிங் பக்கத்தில் 600 கிலோ நிற்கிறது" என்று ஒருவர் நேரடியாக எழுத அனுமதித்தால், அந்த 600 எங்கிருந்து வந்தது என்பதற்குத் தடம் இருக்காது.

பெரிய மென்பொருள்கள் இதைத் தத்தம் வழியில் செய்திருக்கின்றன. ஆரக்கிள் நிறுவனத்தின் உற்பத்தி மென்பொருள் ஒவ்வொரு வேலையையும் ஐந்து கட்டங்களாகப் பிரிக்கிறது: வரிசையில் நிற்பது, ஓடிக்கொண்டிருப்பது, நகரத் தயாராக இருப்பது, தரமில்லை என்று ஒதுக்கியது, கழிவானது. ஜெர்மனியில் 1972இல் தொடங்கிய எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் மென்பொருளில், அடுத்த வேலை தொடங்கக் குறைந்தபட்சம் எவ்வளவு முன்னால் அனுப்பவேண்டும் என்று ஓர் அளவைக் குறித்து வைக்கலாம். முந்திய நிலைகளைத் தனித்தனியே பதியாமல், முக்கியமான ஒரு நிலையைப் பதிந்தால் அதற்கு முன்னுள்ளவை தானாகப் பதிவாகும் ஏற்பாடும் அதில் உண்டு. எழுதுகிறவருக்கு அது சௌகரியம். ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஓடும் நிலைகளில் அந்தச் சௌகரியம் ஆபத்தானது. ரிங் பிரேம் 3,900 கிலோ கொடுத்ததைப் பதிந்ததும் சிம்ப்ளக்ஸும் 3,900 கொடுத்ததாகவே கணினி எழுதிவிட்டால், நடுவில் நிற்கும் 200 கிலோ கணக்கிலேயே பிறக்காது.

கழித்தல் குறி வந்தால்

அடுத்தவர் வாங்கியது முந்தியவர் கொடுத்ததைவிட அதிகமாக இருக்க முடியாது. இயற்கை விதிபோல எளிமையான இந்த நிபந்தனை கணினியில் அடிக்கடி உடைகிறது. சிம்ப்ளக்ஸ் 4,500 கொடுத்ததாக இருக்கும், ரிங் பிரேம் 4,620 வாங்கியதாக இருக்கும். இருப்பு கழித்தல் 120.

முதல் காரணம் நேரம். பகல் ஷிப்டில் இறங்கிய பாபின்களை அடுத்த ஷிப்டான அரை நைட்டுக்காரர் ரிங் பிரேமின் கிரீலில், அதாவது பாபின் தாங்கும் சட்டத்தில், ஏற்றிவிட்டார். அவருடைய பதிவு உடனே ஏறிவிட்டது. பகல் ஷிப்டின் தாள் மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் கணினியைத் தொடும். இதற்கு மருந்து எளிது. வேலை நடந்த நேரம் ஒன்று, பதிந்த நேரம் இன்னொன்று என இரண்டையும் தனித்தனியே வைத்து, இருப்பை நடந்த நேரத்தின்படி கணக்கிடவேண்டும்.

இரண்டாவது காரணம் லாட் மாறியது. பக்கத்து லாட்டின் பாபின்கள் இந்த லாட் எந்திரத்தில் ஏறியிருக்கும். இது கணக்குப் பிழையோடு நிற்காமல் துணியில் போய்க் கோடு கோடாகத் தெரியும். மூன்றாவது காரணம் அலகு. அதற்கு ஒரு தனிப்பகுதியே தேவைப்படுகிறது.

கழித்தல் வந்தால் மென்பொருள் என்ன செய்யவேண்டும்? பிழை என்று நிறுத்துவதா, எச்சரிப்பதா, கண்டுகொள்ளாமல் விடுவதா என்பதை ஆலையே அமைத்துக்கொள்ள பெரிய மென்பொருள்கள் இடம் தருகின்றன. முதல் பார்வைக்கு நிறுத்துவதே நேர்மையானதாகத் தோன்றும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு, பாபின் கையில் இருக்க, பதிவு ஏறாமல் நிற்கும் தொழிலாளி என்ன செய்வார்? கணினி ஏற்றுக்கொள்ளும் எண் வரும்வரை மாற்றி மாற்றி அடிப்பார். அதன் பிறகு திரையில் எல்லாம் சரியாக இருக்கும், உண்மை மட்டும் இருக்காது. பதிவை ஏற்றுக்கொண்டு, சிவப்பில் காட்டி, அந்த ஷிப்டு முடிவதற்குள் மேற்பார்வையாளர் காரணம் எழுதவேண்டும் என்று வைப்பதே நல்ல வழி. கழித்தல் குறி என்பது எங்கே பார்க்கவேண்டும் என்று காட்டும் அடையாளம். அதை மறைக்கும் மென்பொருளால் ஆலைக்குப் பயனில்லை.

கிலோ, மீட்டர், சதுர அடி

எந்திரத்துக்கு எடை தெரியாது. அதற்குத் தெரிந்தது நீளம். முன்னுருளை எத்தனை சுற்று சுற்றியது என்று ஹேங்க் மீட்டர் எண்ணுகிறது. அந்த நீளத்தை நூலின் நம்பரைக் கொண்டு எடையாக மாற்றுகிறார்கள். 840 கஜம் ஒரு ஹேங்க். ஒரு பவுண்டு எடையில் எத்தனை ஹேங்க் இருக்கிறதோ அதுவே நம்பர். 40ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம்.

இந்த மாற்றத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கணக்கில் 40 என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் எந்திரத்தில் ஓடுவது 39 என்று வைத்துக்கொள்வோம். நூல் சற்றே தடித்துவிட்டது, கண்ணால் பார்த்தால் தெரியாது. ஹேங்க் மீட்டர் கணக்கு 1,000 கிலோ என்று சொல்லும்போது உண்மையில் போன பஞ்சு 1,026 கிலோ. 26 கிலோ எங்கே போனது என்று கழிவு மூட்டைகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அது நூலுக்குள்ளேயே, வாங்குபவருக்கு இலவசமாகப் போய்க்கொண்டிருக்கும். இதைப் பிடிக்கவே தரச்சோதனைக் கூடத்தில் 120 கஜ நூலை ஒரு லீயாகச் சுற்றி நுண்தராசில் வைக்கிறார்கள். 40ஆம் நம்பராக இருந்தால் 1.62 கிராம் காட்டும், 39 என்றால் 1.66. நான்கு செண்டிகிராம் வேறுபாட்டில் ஓர் ஆலையின் மாதக் கணக்கு தொங்குகிறது.

இன்னொரு திருடன் காற்று. பருத்தி ஈரத்தை வாங்கும், விடும். உலர்ந்த பஞ்சு 100 கிலோவுக்கு 8.5 கிலோ ஈரம் என்பது வணிகத்தில் ஏற்றுக்கொண்ட அளவு. அந்த ஈரத்தோடு 10,000 கிலோ பஞ்சு வந்து, ஆலைக்குள் ஈரம் 6.5 ஆகக் குறைந்தால் எடை 9,816 கிலோவாகும். ஓர் இழைகூடக் கீழே விழாமல் 184 கிலோ மறைந்துவிட்டது. திண்டுக்கல் சமவெளியின் வறண்ட கோடையில் ஆலைகள் காற்றுக்கு ஈரமேற்றிக்கொண்டே இருப்பதற்கு இழை அறுவது ஒரு காரணம், இந்த எடை இன்னொரு காரணம். கடைசியில் கோனை நீராவி அறையில் வைத்து ஈரம் ஏற்றினால் போன எடையில் ஒரு பங்கு திரும்பி வரும். ஆகவே ஒவ்வொரு நிலையிலும் எடையோடு ஈரத்தையும் அளந்து, எல்லாவற்றையும் 8.5 அளவுக்குச் சரிசெய்த எடையாக மாற்றினால்தான் ஒரு நிலையை இன்னொரு நிலையோடு ஒப்பிட முடியும்.

அலகுச் சிக்கல் நூற்பாலைக்கு மட்டும் உரியதல்ல. திண்டுக்கல்லின் பழைய தொழில்களில் ஒன்றான தோல் பதனிடுதலில் அது இன்னும் கூர்மையாக இருக்கிறது. ஆட்டுத்தோல் உள்ளே வரும்போது எண்ணிக்கை. சுண்ணாம்பில் ஊறி முடி நீங்கிய பிறகு, மருந்து சேர்க்கும் அளவை முடிவு செய்ய, எடை. பதனிட்டு முடிந்து விற்கப் போகும்போது சதுர அடி. மூன்றுக்கும் நிலையான மாற்று விகிதம் கிடையாது. ஒவ்வொரு லாட்டுக்கும் அளந்துதான் கண்டுபிடிக்கவேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. பாகங்களாக வெட்டியதிலிருந்து முடிவுவரை அது எண்ணிக்கைதான்.

திரும்பி வரும் பஞ்சு

கழிவு எல்லாம் கழிவல்ல. டிராயிங்கில் அறுந்த ஸ்லைவர், சிம்ப்ளக்ஸில் மிஞ்சிய ரோவிங், ரிங் பிரேமில் நூல் அறும்போது உறிஞ்சு குழாய் இழுத்துக்கொள்ளும் பஞ்சு ஆகியவை நல்ல பஞ்சு. அவை மறுபடி மிக்சிங்குக்குப் போகும். முறுக்கேறி நூலாகிவிட்ட துண்டு மட்டும் அப்படித் திரும்ப முடியாது.

இந்தத் திரும்புதலைப் புதுப் பஞ்சோடு சேர்த்து எழுதினால் கணக்கு குழம்பிவிடும். ஒரே கிலோ இரண்டு முறை புளோ ரூமுக்குள் நுழைந்து, இரண்டு முறை "வாங்கியது" ஆகிறது. 6,000 கிலோ புதுப் பஞ்சும் 100 கிலோ திரும்பிய பஞ்சும் போட்டுவிட்டு 6,100 வாங்கியதாக எழுதினால், நூற்பு விளைச்சல் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். மேற்பார்வையாளர் செய்யாத தவறுக்குப் பதில் சொல்லவேண்டி வரும். கோயம்புத்தூரில் 1956இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ரா, கழிவுக்கும் விளைச்சலுக்கும் அளவுகோல்களைப் பல்லாண்டுகளாக ஆலைகளுக்கு வகுத்துத் தந்து வருகிறது. அந்த அளவுகோலோடு ஓர் ஆலை தன்னை ஒப்பிடவேண்டுமானால் புதியதும் திரும்பியதும் தனித்தனி வரியில் இருக்கவேண்டும். திரும்பியது எந்த நிலையிலிருந்து கிளம்பியது என்பதும் அந்த வரியில் இருந்தால், எங்கே இழை அதிகம் அறுகிறது என்பதையும் அதே தாள் சொல்லிவிடும்.

எட்டு கேன், அறுபத்துநான்கு கேன்

அளவைத் தொடர்ந்தால் போதுமா, ஒவ்வொரு கேனின் வரலாற்றையும் தொடரவேண்டுமா? ஒரு கோனில் குறை வந்தால், அது எந்தக் கேனிலிருந்து வந்தது என்று கணினி சொல்லவேண்டும் என்று பலரும் ஆசைப்படுவது இயல்பே. நூற்பின் இயல்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை. டிராயிங் எட்டு கேன்களை ஒன்றாக்குகிறது. இரண்டாம் முறை டிராயிங் போனால் எட்டு எட்டாக, ஒரு கேனுக்குள் 64 கார்டிங் கேன்களின் பஞ்சு கலந்துவிடும். கலப்பதே நோக்கம் என்பதால் இங்கே கேன் கேனாகப் பூர்விகம் தேடுவதில் பொருளில்லை. லாட் அளவில் தொடர்ந்தால் போதும். ஆனால் லாட்டின் எல்லையை மட்டும் உயிரைக் கொடுத்துக் காக்கவேண்டும்.

அந்தக் காவலைப் பார்க்கத் திரை தேவையில்லை, ஆலைக்குள் நடந்தாலே போதும். ஒரு நம்பருக்குப் பச்சைப் பாபின், இன்னொன்றுக்கு மஞ்சள். கோன் குழாயின் நுனியிலும் நிறம் உண்டு. பேக்கிங் அறையில் விளக்கை அணைத்துவிட்டு புறஊதா விளக்கடியில் கோன்களை வரிசையாக வைப்பார்கள். பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோலிருந்த கோன்களில், வேறு பஞ்சில் நூற்றது மட்டும் தனியாக ஒளிரும். பெட்டிக்குள் போகவிருந்த அந்த ஒரு கோனை அங்கே நிற்கும் பெண் தொழிலாளி எடுத்து ஒதுக்கிவைக்கிறார். அந்தக் கை அசைவையும் ஆட்டோகோனர் பக்கத்தில் "ஒதுக்கியது 1.89 கிலோ, லாட் கலப்பு" என்று பதிந்தால், எந்த ஷிப்டில் எல்லை உடைந்தது என்று பின்னோக்கித் தேட ஒரு பிடி கிடைக்கும். ஒதுக்கிவிட்டுப் பதியாமல் விட்டால் நாளைக்கும் அதே தவறு நடக்கும்.

ஐந்து பக்கம் போதும்

இவ்வளவுக்கும் கோடி ரூபாய் மென்பொருள் வேண்டியதில்லை. வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்துச் சிறு ஆலை ஒன்று ஒரு சாதாரணக் கணக்குத்தாளிலேயே இதைத் தொடங்கலாம். நிலைக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு வாங்கியது, கொடுத்தது, கழிவு என மூன்று பத்தி. கொடுத்தவர் பெயரும் வாங்கியவர் பெயரும் ஒரே வரியில். இரண்டு பக்கங்களையும் ஒருவரே நிரப்பினால் தவறு தவறோடு ஒத்துப்போய்விடும். சிம்ப்ளக்ஸ்காரர் கொடுத்ததை அவரும், ரிங் பிரேம்காரர் வாங்கியதை அவரும் எழுதினால்தான் வேறுபாடு அன்றைக்கே வெளியே வரும்.

மாதக் கடைசியில் ஆலைகள் நிற்கும் சரக்கை எண்ணுகின்றன. ஒரு கேனுக்குச் சராசரி எடை, ஒரு பாபினுக்குச் சராசரி எடை என்று வைத்துப் பெருக்கி மொத்தம் காண்கிறார்கள். தாளில் கழித்து வந்த இருப்பை இந்த எண்ணிக்கையோடு நிலைவாரியாக ஒப்பிடவேண்டும். பொதுவாக நடப்பது, மொத்த வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியாத இழப்பு என்று ஒரே வரியில் எழுதி மூடிவிடுவது. அப்படி மூடினால் ஈரத்தில் போனதும், நம்பர் தடித்ததில் போனதும், லாட் மாறியதில் போனதும் ஒரே மூட்டைக்குள் அடங்கிவிடுகின்றன. நிலைவாரியாகப் பிரித்தால் சிம்ப்ளக்ஸ் வரை கணக்கு ஒத்துப்போய் ரிங் பிரேமில் மட்டும் 2.5 சதவீதம் இடிக்கிறது என்பது தெரியும். உடனே லீ எடைப் பதிவேட்டைப் புரட்டி நம்பரைச் சோதிக்கலாம். கார்டிங்கிலேயே இடித்தால் ஈரமானியைப் பார்க்கலாம். நிறைந்த காப்ஸை எடுக்கும் டாஃபரையோ, அறுந்த இழையை இணைக்கும் சைடரையோ சந்தேகக் கண்ணோடு பார்ப்பதற்கு முன் இந்த இரண்டு சோதனையும் முடிந்திருக்கவேண்டும்.

அடுத்த கட்டமாக கேன்களில் பார்கோடு ஒட்டலாம். எந்திர மீட்டரை நேரடியாகக் கணினியோடு இணைக்கலாம். கோயம்புத்தூர் எல்.எம்.டபிள்யூ. போன்ற எந்திர உற்பத்தியாளர்கள் இப்போது எந்திரத்தோடு தரவு எடுக்கும் வசதியையும் சேர்த்தே தருகிறார்கள். ஆனால் எந்திரம் தருவது கொடுத்த அளவை மட்டுமே. அந்தக் கேன் எந்த எந்திரத்துக்கு முன்னால் போய் நின்றது, எப்போது ஏறியது என்ற வாங்கிய பக்கத்தை நிரப்ப இன்னும் ஒரு மனிதர் வேண்டும். எனவே பார்கோடு கருவியை முதலில் வைக்கவேண்டிய இடம் ரிங் பிரேமின் கிரீல். பேக்கிங் அறையில் எடைமேடை ஏற்கெனவே நிற்கிறது. ரிங் பிரேமுக்கு முன்னால் கணக்கு சொல்ல அப்படி ஒன்றும் கிடையாது.